வினாடி வினாவுக்குப் புதியவரா? 'ஏன்' என்ற கேள்வியிலிருந்து தொடங்குங்கள்

நான் முதன்முதலாக ஒரு வினாடி வினாவில் உட்கார்ந்தபோது எழுத்துச் சுற்றில் இப்படி ஒரு கேள்வி வந்தது: "1917 நவம்பர் 7-ஆம் தேதி நடந்த ஒரு நிகழ்வை உலகம் இன்றுவரை வேறொரு மாதத்தின் பெயரால்தான் அழைக்கிறது. எந்த நிகழ்வு, ஏன்?" ரஷ்யாவின் அக்டோபர் புரட்சி என்று உடனே தெரிந்துவிட்டது. பள்ளியில் படித்த வரிதான். ஆனால் 'ஏன்' என்ற பாதிக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்த அணித் தோழி ரஷ்ய வரலாறு அதிகம் படித்தவர் இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஐரோப்பாவுல பழைய காலண்டரும் புதுக் காலண்டரும் கொஞ்ச காலம் சேர்ந்தே இருந்துச்சு இல்லையா? ரஷ்யா அப்போ பழசுலயே இருந்திருக்கும்." அதுதான் விடை. போப் பதிமூன்றாம் கிரிகோரி 1582-ல் கொண்டுவந்த திருத்தத்தை ரஷ்யா 1918-ல்தான் ஏற்றது. அதற்குள் இரண்டு காலண்டர்களுக்கும் இடையே 13 நாள் இடைவெளி விழுந்திருந்தது. மற்றவர்களுக்கு நவம்பர் 7 என்றால் ரஷ்யாவுக்கு அக்டோபர் 25.

என்னிடம் இருந்தது ஒரு பெயர். தோழியிடம் இருந்தது ஒரு காரணம். பெயர் ஒரு கேள்விக்கு மட்டும் உதவியது. அதே காரணமோ, ஐசக் நியூட்டன் பிறந்தது 1642 டிசம்பர் 25 என்று சில புத்தகங்களிலும் 1643 ஜனவரி 4 என்று வேறு சிலவற்றிலும் இருப்பது ஏன் என்ற கேள்விக்கும் அப்படியே பொருந்தும். இங்கிலாந்தும் அப்போது பழைய காலண்டரில்தான் இருந்தது. பொது அறிவை இந்த வழியில் சேர்க்கலாம் என்று எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான். புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்லக்கூடியதெல்லாம் அதிலிருந்து வந்தவைதான்.

முதல் படி: பட்டியல்களைக் குறைவாக எடுங்கள், அழுத்தமாகப் பிடியுங்கள்

மனப்பாடமே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். சில பட்டியல்கள் கட்டாயம் வேண்டும். நாடுகளும் தலைநகரங்களும், கோள்களின் வரிசை, கோடைக்கால ஒலிம்பிக் நடந்த ஆண்டுகளும் நகரங்களும், கால்பந்து உலகக் கோப்பையை வென்ற நாடுகள், தனிமங்களின் குறியீடுகள். ஆரம்பத்துக்கு இவ்வளவு போதும். வாரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் இரண்டு மாதத்துக்குள் கையில் வந்துவிடும்.

பட்டியலைப் படிக்கும்போது அதன் வடிவத்தைப் பாருங்கள். கால்பந்து உலகக் கோப்பையை எடுத்துக்கொள்வோம். 1930 முதல் 2022 வரை 22 போட்டிகள். வென்றவையோ எட்டே நாடுகள்: பிரேசில் 5 முறை, ஜெர்மனியும் இத்தாலியும் தலா 4, அர்ஜென்டினா 3, உருகுவேயும் பிரான்ஸும் தலா 2, இங்கிலாந்தும் ஸ்பெயினும் தலா ஒரு முறை. எல்லாமே ஐரோப்பாவும் தென் அமெரிக்காவும்தான். இந்த வடிவம் மனதில் இருந்தால், கேள்வி எப்படிச் சுற்றி வந்தாலும் தேட வேண்டிய இடம் எட்டு நாடுகளுக்குள் சுருங்கிவிடும்.

ஒலிம்பிக் பட்டியலில் நான் கவனிக்கச் சொல்வது ஓட்டைகளை. 1916, 1940, 1944 என்று மூன்று ஆண்டுகள் காலி. காரணம் இரண்டு உலகப் போர்கள். எங்காவது "1916, 1940, 1944: இணைப்பது எது?" என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம். "2020 ஏன் இதில் சேராது?" என்று தொடர்ந்து கேட்டாலும் பயமில்லை. டோக்கியோ போட்டி ரத்தாகவில்லை, 2021-க்குத் தள்ளிப்போனது. பெயர் மட்டும் 2020 என்றே நின்றது.

தனிமங்களின் குறியீடுகளில் பலரும் தடுமாறுவது, பெயருக்கும் குறியீட்டுக்கும் சம்பந்தமே இல்லாத பத்துப் பதினொன்றில்தான். அவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் லத்தீன் பெயர் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் மனப்பாடம் தேவையில்லை. வெள்ளியின் குறியீடு 'ஏஜி'. லத்தீனில் அது அர்ஜென்டம். அர்ஜென்டினா என்ற நாட்டின் பெயரும் அங்கிருந்துதான் வந்தது. ஈயம் 'பிபி', லத்தீனில் பிளம்பம். ஒரு காலத்தில் தண்ணீர்க் குழாய்களை ஈயத்தில் செய்தார்கள், அதனால்தான் குழாய் வேலை செய்பவர் பிளம்பர். பாதரசம் 'எச்ஜி', ஹைட்ரார்ஜிரம், அதாவது 'நீர் வெள்ளி'. அறை வெப்பத்தில் திரவமாக ஓடும் ஒரே உலோகத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா? டங்ஸ்டனின் 'டபிள்யூ' மட்டும் லத்தீன் இல்லை. வுல்ஃப்ரம் என்ற ஜெர்மன் பெயர் அது. இப்படி நான்கு குறியீடுகளைப் படித்ததில் ஒரு நாடு, ஒரு தொழில், ஒரு மொழி எல்லாம் சேர்ந்து வந்துவிட்டன.

இரண்டாம் படி: எண்ணைக் கண்டால் காரணத்தைத் தேடுங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன்.

மராத்தான் ஓட்டத்தின் தூரம் 42.195 கிலோமீட்டர். ஏன் முழு எண்ணாக இல்லை? 1896-ல் ஏதென்ஸில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கில் அது ஏறக்குறைய 40 கிலோமீட்டர்தான். 1908-ல் லண்டனில் ஓட்டத்தை விண்ட்சர் கோட்டையில் தொடங்கி, மைதானத்தில் அரச குடும்பம் உட்கார்ந்திருந்த மாடத்துக்கு முன்னால் முடித்தார்கள். அந்தத் தூரம் 26 மைல் 385 கெஜம். 1921-ல் அதையே நிரந்தர அளவாக அறிவித்தார்கள். இந்தக் கதை தெரிந்தவருக்கு 42.195 மறக்காது. கூடவே ஒரு கோட்டையும் ஓர் ஆண்டும் இலவசமாகக் கிடைக்கின்றன.

கிரிக்கெட்டில் டான் பிராட்மேனின் டெஸ்ட் சராசரி 99.94 என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அவர் எடுத்த மொத்த ரன்கள் 6,996. ஆடிய இன்னிங்ஸ் 80, அதில் 10 முறை ஆட்டமிழக்கவில்லை. ஆக, ஆட்டமிழந்தது 70 முறை. 6,996-ஐ 70-ஆல் வகுத்தால் 99.94. இப்போது கடைசி இன்னிங்ஸுக்கு வாருங்கள். 1948 ஆகஸ்ட், லண்டன் ஓவல் மைதானம். அவர் மட்டையோடு உள்ளே வந்தபோது அதே 6,996 ரன்கள்தான் இருந்தன, ஆனால் ஆட்டமிழந்தது 69 முறை. சராசரி 101-க்கும் மேல். இன்னும் 4 ரன் எடுத்திருந்தால் 7,000-ஐ 70-ஆல் வகுத்து சரியாக 100. ஒரே ஒரு பவுண்டரி. எரிக் ஹோலிஸ் வீசிய இரண்டாவது பந்தில் ரன் எதுவும் எடுக்காமல் போல்டானார். ஆஸ்திரேலியா இன்னிங்ஸ் வெற்றி பெற்றுவிட்டதால் இரண்டாவது முறை மட்டை பிடிக்கும் வாய்ப்பும் வரவில்லை. இந்தக் கணக்கை ஒருமுறை கையால் போட்டவர்கள் 6,996 என்ற எண்ணையும் ஹோலிஸ் பெயரையும் தனியாகப் படிக்கத் தேவையில்லை. எனக்கு இன்னமும் அந்தப் பந்தை நினைத்தால் நெஞ்சு கனக்கும். அப்படி மனதைத் தொடும் தகவல்கள் தானாகவே தங்கிவிடுகின்றன. உங்களைத் தொடுபவை எவை என்று தேடிப் பாருங்கள்.

அறிவியலிலும் இதே கதைதான். சூரியனுக்கு மிக அருகில் இருப்பது புதன், ஆனால் மிக வெப்பமான கோள் வெள்ளி. புதனுக்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வளிமண்டலம் கிடையாது. பகலில் 400 டிகிரி செல்சியஸைத் தாண்டும் வெப்பம் இரவில் பூஜ்ஜியத்துக்கும் கீழே வெகுதூரம் இறங்கிவிடும். வெள்ளியைச் சுற்றி இருப்பது பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு. அது தடிமனான போர்வை மாதிரி வெப்பத்தை வெளியே விடாது. அதனால் இரவோ பகலோ ஏறக்குறைய 460 டிகிரி. வெள்ளியைப் பற்றி இன்னொரு சேதி: அது தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 243 பூமி நாட்கள் ஆகும், சூரியனைச் சுற்ற 225 நாட்கள்தான். தன்னைத்தானே சுற்றுவதும் மற்றப் பெரும்பாலான கோள்களுக்கு எதிர்த் திசையில். அங்கே நின்றால் சூரியன் மேற்கில் உதிக்கும்.

காரணம் தேடும் பழக்கம் வந்துவிட்டால், சாதாரணமாகக் கடந்துபோகும் விஷயங்களிலும் கேள்வி எழும். நோபல் பரிசுகளில் அமைதிக்கானதை மட்டும் ஏன் ஆஸ்லோவில் தருகிறார்கள்? நோபல் உயில் எழுதிய காலத்தில் ஸ்வீடனும் நார்வேயும் ஒரே அரசரின் கீழ் ஒன்றியமாக இருந்தன. 1905-ல்தான் பிரிந்தன. அமைதிப் பரிசுக்கு உரியவரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை அவர் நார்வே நாடாளுமன்றம் அமைக்கும் குழுவிடம் விட்டிருந்தார். ஈஃபிள் கோபுரம் ஏன் 1889-ல்? பிரெஞ்சுப் புரட்சியின் நூற்றாண்டுக் கண்காட்சிக்காக. ஆண்டு மறந்தாலும் 1789-உடன் 100-ஐக் கூட்டினால் போதும்.

மூன்றாம் படி: ஓர் ஆண்டை எடுத்து அதைச் சுற்றி மாட்டுங்கள்

வரலாறு என்றாலே தேதிகள் என்று பலரும் ஒதுங்குவார்கள். நான் செய்வது வேறு. ஏதாவது ஓர் ஆண்டைச் சுவரில் ஆணி அடிப்பதுபோல அடித்துவிட்டு, அதில் எல்லாத் துறைகளிலிருந்தும் ஒவ்வொன்றாக மாட்டுவேன். என் முதல் ஆணி 1896.

அந்த ஆண்டு ஏப்ரலில் ஏதென்ஸில் முதல் நவீன ஒலிம்பிக். முதலிடம் வந்தவர்களுக்குக் கொடுத்தது தங்கம் இல்லை, வெள்ளிப் பதக்கம். மராத்தானை வென்றவர் கிரீஸின் ஸ்பிரிடான் லூயிஸ். அதற்கு ஒரு மாதம் முன்னால், மார்ச் தொடக்கத்தில், பாரிஸில் ஹென்றி பெக்கரெல் கருப்புத் தாளில் சுற்றிய புகைப்படத் தகடு ஒன்றைக் கழுவிப் பார்த்தார். வெயிலே படாமல், பக்கத்தில் இருந்த யுரேனிய உப்பின் தடம் அதில் அழுத்தமாக விழுந்திருந்தது. கதிரியக்கம் என்று பின்னால் பெயர் பெற்றது அதுதான். ஆகஸ்டில் பிரிட்டனுக்கும் சான்சிபாருக்கும் இடையே ஒரு மணி நேரம்கூட நீடிக்காத போர். வரலாற்றில் மிகக் குறுகிய போர் என்று கேள்விகளில் அடிக்கடி வருவது. டிசம்பர் 10-ஆம் தேதி ஆல்ஃப்ரட் நோபல் இறந்தார். இன்றும் பரிசுகளை அதே தேதியில்தான் வழங்குகிறார்கள்.

இன்னொன்று இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. 1896 மார்ச் 1-ஆம் தேதி, அட்வா என்ற இடத்தில் எத்தியோப்பியப் படை இத்தாலியப் படையைத் தோற்கடித்தது. அந்த நாட்டை இத்தாலியால் அப்போது பிடிக்க முடியவில்லை. நாற்பது ஆண்டு கழித்து, முசோலினி காலத்தில், இத்தாலி திரும்ப வந்து பிடித்தது. அக்சும் நகரத்தின் பழமையான கல்தூண் ஒன்றையும் ரோமுக்கு எடுத்துச் சென்றது. இப்போது 1960 ரோம் ஒலிம்பிக்கின் மராத்தானுக்கு வாருங்கள். அபேபே பிகிலா என்ற எத்தியோப்பிய வீரர் காலணி இல்லாமல் ஓடினார். ஓடும் வழியில் அந்தத் தூண் நின்றிருந்தது. அதன் பக்கம் வந்ததும் வேகத்தைக் கூட்டி முன்னேறி, கான்ஸ்டன்டைன் வளைவின் அடியில் வெற்றிக் கோட்டைத் தொட்டார். நான்கு ஆண்டு கழித்து டோக்கியோவில், குடல்வால் அறுவை சிகிச்சை முடிந்த சில வாரங்களில் ஓடி, மறுபடி தங்கம். ஒலிம்பிக் மராத்தானை இரண்டு முறை வென்ற முதல் ஆள் அவர்.

மராத்தான் தொடங்கிய அதே 1896-ல் அட்வாவும் நடந்தது. அந்த இரண்டு நூலும் ரோம் நகரத் தெருவில், வெறுங்காலோடு ஓடிய ஒருவரிடம் வந்து சேர்கின்றன. விளையாட்டு, போர், தொல்பொருள் எல்லாம் ஒரே ஆணியில் தொங்குகின்றன. ஒன்றை இழுத்தால் மற்றவையும் கூடவே வரும்.

நீங்களும் ஐந்து ஆணிகள் அடியுங்கள். எந்த ஆண்டு என்பது உங்கள் விருப்பம். 1969, 1947, 1789 மாதிரி எதுவானாலும் சரி. ஒவ்வொன்றிலும் குறைந்தது நான்கு துறைகளிலிருந்து ஒன்று மாட்ட வேண்டும் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: கேள்விக்குள் துப்பைத் தேடுங்கள்

நல்ல க்விஸ் மாஸ்டர் விடையைக் கேள்விக்குள்ளேயே பல துண்டுகளாக வைத்திருப்பார். ஒரு மாதிரிக் கேள்வி: "இதைப் பூமியில் கண்டெடுப்பதற்கு 27 ஆண்டுகள் முன்பே வேறோர் இடத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். அந்த இடத்துக்கான கிரேக்கச் சொல்லே இதன் பெயரானது. உலோகங்களுக்கு வைக்கும் விகுதியை இதற்கும் வைத்தார்கள். ஆனால் இது உலோகம் இல்லை. இது எது?"

பதறாமல் ஒவ்வொன்றாகப் பிரியுங்கள். பூமிக்கு வெளியே கண்டுபிடித்தது என்றால் கையில் எடுத்துப் பார்த்திருக்க முடியாது. ஒளியை வைத்துத்தான் தெரிந்திருக்கும். ஒளி நிறைய வரும் இடம் சூரியன். கிரேக்கத்தில் சூரியன், ஹீலியோஸ். உலோகப் பெயர்களின் விகுதி சோடியம், பொட்டாசியம் என்பதில் வரும் 'இயம்'. இரண்டையும் சேர்த்தால் ஹீலியம். 1868-ல் சூரிய ஒளியின் நிறமாலையில் அதுவரை யாரும் அறியாத ஒரு மஞ்சள் கோடு தெரிந்ததும், 1895-ல் வில்லியம் ராம்சே அதைப் பூமியில் ஒரு யுரேனியக் கனிமத்திலிருந்து பிரித்ததும் தெரியாமலே விடைக்கு வந்துவிட்டீர்கள். வீட்டில் பயிற்சி செய்யும்போது விடையைப் பார்ப்பதற்கு முன் இரண்டு நிமிடமாவது இப்படிப் பிரித்துப் பாருங்கள். பிரித்தும் வராவிட்டால் பரவாயில்லை, விடையைப் பார்த்ததும் எந்தத் துப்பைத் தவறவிட்டோம் என்று கண்டுபிடித்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, அடைமொழிகள். நான் ஒருமுறை பஸ்ஸரில், அதாவது விடை சொல்ல முந்தி அழுத்தும் பொத்தானில், அவசரப்பட்டுத் தோற்றேன். "உலகின் மிக உயரமான மலை" என்று க்விஸ் மாஸ்டர் தொடங்கியதுமே அழுத்தி எவரெஸ்ட் என்றேன். கேள்வி முடிந்திருந்தால் "அடிவாரம் முதல் உச்சி வரை அளந்தால்" என்று வந்திருக்கும். விடை ஹவாயில் உள்ள மௌனா கியா. கடல் மட்டத்துக்கு மேல் அது 4,200 மீட்டர்தான், ஆனால் கடலுக்கு அடியில் இருக்கும் அடிவாரத்திலிருந்து அளந்தால் 10,000 மீட்டரைத் தாண்டும். மைனஸ் மதிப்பெண்ணோடு அணிக்கும் கெட்ட பெயர். எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. அதற்கப்புறம்தான் இந்த மாதிரி இரட்டைகளைத் தேடிச் சேர்க்க ஆரம்பித்தேன். பூமியின் மையத்திலிருந்து மிகத் தொலைவில் உள்ள உச்சி எவரெஸ்டும் இல்லை, மௌனா கியாவும் இல்லை, ஈக்வடாரின் சிம்பராசோ. பூமி நடுவில் புடைத்திருப்பதால், நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் 6,263 மீட்டர் மலைக்கு அந்தப் பெருமை. மிகப் பெரிய பாலைவனம் அண்டார்க்டிகா, மிகப் பெரிய வெப்பப் பாலைவனம் சகாரா. பரப்பில் மிகப் பெரிய ஏரி காஸ்பியன், ஆழத்தில் பைக்கால். 'மிக' என்ற சொல்லைக் கேட்டால் 'எந்த வகையில்?' என்பதைக் கேட்கும்வரை கையைப் பஸ்ஸரிலிருந்து தள்ளியே வையுங்கள்.

ஐந்தாம் படி: நோட்டு

ஒரு நோட்டு, ஒரு பேனா. தகவலை வாக்கியமாக எழுதாமல் கேள்வியாக எழுதுங்கள். இடது பக்கம் கேள்வி, வலது பக்கம் விடை. வலது பக்கத்தை மூடிக்கொண்டு படித்தால் உங்களுக்கு நீங்களே க்விஸ் மாஸ்டர். அடுத்த நாள் ஒருமுறை, ஒரு வாரம் கழித்து ஒருமுறை, ஒரு மாதம் கழித்து ஒருமுறை திருப்பிப் பாருங்கள். வந்துவிட்டதை விட்டுவிட்டு வராததை மட்டும் அடுத்த பக்கத்துக்கு மாற்றுங்கள். நாளுக்கு இருபது நிமிடம் தாராளம். ஒரே நாளில் ஐந்து மணி நேரம் படிப்பதைவிட இது நன்றாக நிற்கும்.

ஒரு விடையை இரண்டு மூன்று பக்கங்களிலிருந்து கேளுங்கள். உதாரணமாக, செஞ்சிலுவைச் சின்னம் எந்த நாட்டுக் கொடியின் நிறங்களைத் திருப்பிப் போட்டது? சுவிட்சர்லாந்து. ஏன் அந்த நாடு? அதற்கு வித்திட்ட ஹென்றி டுனான்ட் அந்த நாட்டவர். 1859-ல் சோல்ஃபெரினோ போர்க்களத்தில் கவனிப்பாரின்றிக் கிடந்த காயம்பட்டவர்களைப் பார்த்ததுதான் தொடக்கம். முதல் நோபல் அமைதிப் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் யார்? 1901, அதே டுனான்ட். அதே ஆண்டு இயற்பியலுக்கு முதல் நோபல்? எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்த ரான்ட்ஜன். 'எக்ஸ்' என்று ஏன் பெயர்? கணக்கில் தெரியாத எண்ணுக்கு எக்ஸ் என்று போடுவோமே, அப்படித்தான் அவரும் என்னவென்று தெரியாத கதிருக்கு வைத்தார். ஒரு கொடியில் தொடங்கி ஆய்வுக்கூடத்துக்கு வந்துவிட்டோம்.

ஆறாம் படி: பழசானதையும் பொய்யானதையும் களையெடுங்கள்

பொது அறிவில் மூன்று வகைத் தகவல்கள் உண்டு. மாறாதவை ஒரு வகை. பிராட்மேனின் சராசரி இனி மாறப்போவதில்லை. இரண்டாவது வகை மாறிக்கொண்டே இருக்கும். 2023 தொடக்கத்தில் அதிக நிலவுகள் கொண்ட கோள் வியாழன் என்று சில மாதம் இருந்தது, அதே ஆண்டு சனி முந்திக்கொண்டது, 2025 மார்ச்சில் ஒரே அறிவிப்பில் 128 புதிய நிலவுகள் சேர்ந்து சனியின் கணக்கு 274 ஆனது. 8,848 மீட்டர் என்று படித்த எவரெஸ்ட் 2020 டிசம்பரில் 8,848.86 ஆனது. புளூட்டோ 2006 ஆகஸ்டில் குறுங்கோள் ஆனது. இந்த வகையை நோட்டில் எழுதும்போது பக்கத்திலேயே எந்த மாதம் எழுதினீர்கள் என்று போட்டுவையுங்கள். அச்சடித்த பொது அறிவுப் புத்தகம் வாங்கினால் முதலில் பதிப்பு ஆண்டைப் பாருங்கள்.

மூன்றாவது வகை, எப்போதுமே தவறாக இருந்தவை. சீனப் பெருஞ்சுவர் விண்வெளியிலிருந்து வெறும் கண்ணுக்குத் தெரியும் என்பது அதில் பிரபலமானது. சுவர் நீளம்தான், ஆனால் அகலம் சில மீட்டர். நிறமும் சுற்றியுள்ள மண்ணோடு கலந்துவிடும். 2003-ல் சென்ற சீனாவின் முதல் விண்வெளி வீரர் யாங் லிவெயே தன் கண்ணுக்குத் தெரியவில்லை என்றார். நெப்போலியன் குள்ளம் என்பதும் அப்படித்தான். அவர் உயரம் பிரெஞ்சு அளவில் 5 அடி 2 அங்குலம் என்று குறித்திருந்தார்கள். பிரெஞ்சு அங்குலம் ஆங்கில அங்குலத்தைவிடப் பெரியது. மாற்றிப் பார்த்தால் ஏறத்தாழ 168 செண்டிமீட்டர், அந்தக் காலத்துக்குச் சாதாரண உயரம். ஃபார்வர்டு செய்தியில் வந்த தகவல் எவ்வளவு சுவையாக இருந்தாலும், கலைக்களஞ்சியத்திலோ சம்பந்தப்பட்ட அமைப்பின் வெளியீட்டிலோ சரிபார்க்காமல் நோட்டில் ஏற்றாதீர்கள். தவறாகப் பதிந்ததை அழிப்பது, புதிதாகப் படிப்பதைவிடக் கடினம்.

ஏழாம் படி: அணியோடு உட்காருங்கள்

அணி சேர்க்கும்போது உங்களைப் போலவே இருப்பவரைத் தேடாதீர்கள். மூன்று பேரும் கிரிக்கெட் பைத்தியம் என்றால் ஓவியக் கேள்வி வரும்போது மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதுதான். யாருக்கு எந்தத் துறை என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். கருத்து வேறுபட்டால் யார் முடிவு சொல்வது என்பதையும் முதலிலேயே தீர்மானித்துவிடுங்கள். தெரிந்த விடையைச் சொல்லத் தயங்கி விட்டுக்கொடுத்துவிட்டு, பிறகு "நான் அதைத்தான் நினைச்சேன்" என்று சொல்லும் வருத்தம் எல்லா அணிகளிலும் நடப்பது. மனதில் தோன்றும் அரைகுறை விடையைக்கூடத் தாழ்ந்த குரலில் சொல்லிவிடுங்கள். அதைக் கேட்டு இன்னொருவருக்கு மீதி வரலாம். என் தோழி காலண்டரைப் பிடித்தது நான் அக்டோபர் புரட்சி என்று முணுமுணுத்த பிறகுதான்.

எழுத்துச் சுற்றில் மைனஸ் இல்லையென்றால் எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதீர்கள். மைனஸ் உண்டா, இன்னொரு அணி விடை சொல்லாமல் பாஸ் ஆகி வரும் கேள்விக்கு எவ்வளவு மதிப்பெண், பாதி விடைக்குப் பாதி கிடைக்குமா என்பதையெல்லாம் தொடங்கும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். படச் சுற்றில் நடுவில் இருக்கும் முகத்தை மட்டும் பார்க்காமல் பின்னணிக் கட்டடம், உடை, எழுத்து எல்லாவற்றையும் பாருங்கள். பல படங்களைக் காட்டி அவற்றை இணைப்பது எது என்று கேட்கும் இணைப்புச் சுற்றில் எளிதான படத்தை முதலில் அடையாளம் கண்டு, அதை வைத்து மற்றதை ஊகியுங்கள்.

முதல் சில போட்டிகளில் கடைசி வரிசையில்தான் வருவீர்கள். நானும் அப்படித்தான் வந்தேன். அங்கேயே உட்கார்ந்து இறுதிச் சுற்று முழுவதையும் பாருங்கள், பாதியில் கிளம்பிவிடாதீர்கள். மேடையில் இருப்பவர்கள் விடை சொல்லும்போது எப்படி அங்கே வந்தார்கள் என்று சேர்த்துச் சொல்வார்கள். அதுதான் அன்றைய நாளின் உண்மையான பாடம். வீடு திரும்பியதும், தூங்குவதற்கு முன், நினைவில் இருக்கும் கேள்விகளில் தவறவிட்ட பத்தை மட்டும் நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே விடை, அதற்குக் கீழே ஒரு வரியில் 'ஏன்'. என் நோட்டின் முதல் பக்கத்தில் இன்னமும் இருக்கிறது: "நவம்பர் 7 / அக்டோபர் 25. 13 நாள். காலண்டர்."